நாளுக்கு மூன்று ஊர் வீதி நாடகம்: ஆளும் பறையும் போதுமா?

கேள்வி: ஜனவரி 27

தோழர்களுக்கு வணக்கம். ஏரி வாய்க்கால் ஆக்கிரமிப்பு, குடிநீர் பற்றி அரை மணி நேர வீதி நாடகம் ஒன்று தயார். எட்டுப் பேர், இரண்டு பறை. சித்திரையில் வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், பேர்ணாம்பட்டு, கே.வி.குப்பம், அணைக்கட்டு பக்கம் ஐந்து நாளில் பதினைந்து ஊர் போடத் திட்டம். நாளுக்கு மூன்று. மேடை இல்லை, விளக்கு இல்லை, மைக் இல்லை. தெருவில் போடுவதற்கு ஆளும் பறையும் போதும்தானே? ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?

ஜனவரி 27, இரவு

விட்டுப்போனது ஊர்.

நாடகம் அரை மணிதான். ஆனால் போய் இறங்கி இடம் பார்க்க கால் மணி. ஊரைச் சுற்றிப் பறையடித்து அழைக்க முக்கால் மணி. கூட்டம் வந்து உட்கார கால் மணி. நாடகம் அரை மணி. முடிந்ததும் பெரியவர்கள் பிடித்துக்கொண்டு பேசுவது இருபது நிமிடம். அதை வெட்டிவிட்டு வண்டியேறினால் வந்ததே வீண். மூட்டை கட்ட இருபது, அடுத்த ஊருக்கு முக்கால் மணி. ஓர் ஊருக்கு மூன்று மணிக்கு மேல் ஆகிறது. சித்திரை வெயிலில் சாயங்காலம் நாலரைக்கு முன் யாரும் மைதானத்தில் உட்கார மாட்டார்கள், ஒன்பதுக்குப் பிறகு பிள்ளைகள் தூங்கிவிடும். அந்த நாலரை மணி நேரத்தில் மூன்று ஊர் அடங்காது. இரண்டு வேண்டுமானால் நாலரைக்கு ஒன்று, ஏழேமுக்காலுக்கு ஒன்று. அதிலும் நாலரை ஆட்டத்துக்கு வருவது பள்ளிப் பிள்ளைகளும் திண்ணைக் கிழவர்களும்தான். வாய்க்காலை ஆக்கிரமித்தவர்கள் அந்த இரண்டு கூட்டத்திலும் கிடையாது.

ஜனவரி 28

இடம் அளக்கும் முறை. ஒன்பதடிக் கயிறு. ஒருவர் நடுவில் முனையை மிதித்துக்கொள்ள, இன்னொருவர் மறுமுனையில் கோலமாவைச் சொட்டிக்கொண்டு சுற்றினால் 18 அடி விட்டத்தில் களம் கிடைக்கும். எட்டுப் பேர் கம்பு சுழற்ற அதற்குக் குறைந்தால் முன்வரிசைப் பிள்ளைகளின் மூக்கில் படும். கோட்டுக்கு வெளியே ஆறு வரிசை, வரிசைக்கு இரண்டரை அடி. கடைசி ஆள் நடுவிலிருந்து 24 அடியில் இருப்பார். எதிர் ஓரத்தில் நிற்கும் நடிகரிடமிருந்து 33 அடி, அதாவது பத்து மீட்டர். திறந்தவெளியில், மைக் இல்லாமல், பழகிய தொண்டை வசனத்தைச் சேதாரமின்றிக் கொண்டுபோவது ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். ஆளுக்கு ஐந்து சதுர அடி என்றால் முழு வட்டத்தில் 300 பேர்.

புழுதித் தரை என்றால் ஒரு மணி நேரம் முன்பே நாலு குடம் தண்ணீர் தெளிக்கவும். ஊற்றக் கூடாது. ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு தெளித்தால் சேறு, முதல் சுற்றிலேயே ஒருவர் மல்லாந்துவிடுவார். ஜனம் அதையும் நாடகம் என்றே நினைத்துக் கைதட்டும்.

ஜனவரி 28, பின்னேரம்

மேலே முழு வட்டம் என்று எழுதியது காகிதத்துக்குச் சரி, தெருவுக்குச் சரியில்லை. முழு வட்டத்தில் எப்போதும் பாதிப் பேர் நடிகரின் முதுகைத்தான் பார்க்கிறார்கள். முதுகுப் பக்கம் வசனம் போகாது. முக்கால் வட்டமாக வைத்து, திறந்த கால் பக்கம் ஒரு சுவர் வருகிற மாதிரி இடம் பாருங்கள். ரேஷன் கடைச் சுவர், தண்ணீர் டேங்க் அடி, பள்ளிக்கூட மதில் எதுவானாலும் சரி. சுவர் சத்தத்தை ஜனத்தின் பக்கம் தள்ளும், உடை மாற்றவும் மறைவு கிடைக்கும். ஆள் கணக்கு 225 ஆகக் குறையும்.

சுவர் கிழக்கே இருக்கட்டும். அப்போது ஜனம் மேற்குக்கு முதுகு காட்டி உட்காரும், மாலை வெயில் அவர்கள் கண்ணில் அடிக்காது. நடிகர் கண்ணில் அடிக்கும், அது நடிகர் பாடு. காற்று எந்தப் பக்கம் என்று ஒரு பிடி மண்ணை விட்டுப் பார்க்கவும். காற்று களத்திலிருந்து ஜனத்தை நோக்கி வீச வேண்டும். வெயிலும் காற்றும் ஒத்துப்போகவில்லை என்றால் காற்றின் பேச்சைக் கேளுங்கள். வெயில் போகப் போக இறங்கிவிடும்.

ஜனவரி 30

'ஊர் நடுவில் மாரியம்மன் கோயில் முன்னால் நல்ல இடம் இருக்கிறதே' என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இடம் நல்ல இடம்தான். காலனிக்காரர்கள் வர மாட்டார்கள், வந்தாலும் தூரத்தில் நிற்பார்கள். காலனியில் போட்டால் ஊர்க்காரர்கள் வர மாட்டார்கள். இரண்டு தரப்பும் ஏற்கெனவே தினம் வந்து போகிற இடம்தான் வேண்டும். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் நிறுத்தம், பால் சொசைட்டி இவற்றில் ஒன்று. அப்படி இடமே இல்லாத ஊரில் இரண்டு முறை போட வேண்டும், முதலில் காலனியில். வரிசை மாறினால் இரண்டாவது ஆட்டம் மிச்சச் சோறு மாதிரி ஆகிவிடும்.

பறையை ஊரில் யாரையாவது கூப்பிட்டு அடிக்கச் சொல்லாதீர்கள். தண்டோராவுக்கு யாரைக் கூப்பிடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். குழுவின் ஆட்களே, ஆணும் பெண்ணும், தோளில் மாட்டி அடித்துக்கொண்டு எல்லாத் தெருவும் போக வேண்டும். எல்லாத் தெருவும் என்றால் எல்லாத் தெருவும்.

சாப்பாடும் அப்படித்தான். யார் வீட்டில் சாப்பிட்டீர்கள் என்பதை ஊர் நாடகத்தைவிட உன்னிப்பாகக் கவனிக்கும். ஒரு பக்கம் மட்டும் சாப்பிடுவதாக இருந்தால் பேசாமல் வண்டியில் பொட்டலம் கொண்டுபோங்கள்.

ஜனவரி 31

நாய்களுக்கு என்ன செய்வது என்று கேட்டவருக்கு: ஒன்றும் செய்ய முடியாது. ஊர்வலம் வரும்போதே குரைத்து முடித்துவிடும். களத்துக்குள் படுத்துவிட்டால் கட்டியக்காரன், அதாவது கூத்துக் கோமாளி, அதை ராஜா என்று கும்பிட்டுவிட்டு மேலே போகலாம்.

பிப்ரவரி 2

நேரம். ஊரின் தொழில்தான் நாடகத்தின் கடிகாரம்.

குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிற பெண்கள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டே பார்ப்பார்கள், கை ஓடும். அவர்கள் கைதட்டவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். அன்றைய பீடிக் கட்டை ஏஜெண்டிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் நேரம் எது என்று கேட்டு அதைத் தவிருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி சாலையோர ஊர்கள் என்றால் ஷூ கம்பெனி வேன் வந்து பெண்களை இறக்கிவிடும் வரை தொடங்கவே கூடாது. இறங்கி, முகம் கழுவி, உலை வைத்துவிட்டு வர முக்கால் மணி. குடியாத்தத்தில் தறி ஓடுகிற தெருக்களில் தறிச் சத்தம் நின்ற பிறகுதான் உங்கள் சத்தம் கேட்கும். பால் கறக்கிற நேரத்தில் எந்தக் கிராமத்திலும் தொடங்காதீர்கள்.

பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், வாணியம்பாடியில் மஃரிப் பாங்கு (சூரியன் மறைந்ததும் தொழுகைக்கு அழைப்பது) சொல்லும்போது பறை நிற்க வேண்டும். நாடகத்தை நிறுத்தி முழிக்காமல், அந்த நேரத்தில் ஒரு மௌனக் காட்சி வருகிற மாதிரி அடுக்கிக்கொள்ளலாம். ரம்ஜான் மாதம் விழுந்தால் அந்த ஊர்களை வேறு மாதத்துக்குத் தள்ளுங்கள். நோன்பு திறக்கிற நேரமும் உங்கள் நேரமும் ஒன்றே.

மார்ச், ஏப்ரல் பொதுத்தேர்வுக் காலம். பள்ளிக்கூட மைதானத்துக்குத் தலைமையாசிரியர் சரி என்றாலும், பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை படித்துக்கொண்டிருந்தால் அந்த வீட்டுக்காரர்தான் அன்றைய முதல் எதிரி.

பிப்ரவரி 3

பறை. தோல் சூட்டில் இறுகும், ஈரத்தில் தளரும். அவ்வளவுதான் சூத்திரம். வைக்கோலும் பழைய பேப்பரும் ஒரு மூட்டை வண்டியில் இருக்கட்டும், எல்லா ஊரிலும் வைக்கோல் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். தீ படபடவென்று எரிய வேண்டும், கரி நெருப்பு கூடாது. தோல் பக்கத்தைக் காட்டி, சுழற்றிக்கொண்டே, ஐந்திலிருந்து பத்து நிமிடம். விரலால் சுண்டினால் டங் என்று எழும்ப வேண்டும். ஒரே இடத்தில் காட்டினால் அந்த இடம் காய்ந்து, ஓங்கி அடிக்கும்போது கிழியும். கூரை வீட்டுப் பக்கம் தீ மூட்டாதீர்கள், வைக்கோல் போர் பக்கம் அறவே கூடாது. சிண்டுக் குச்சி மெல்லிய மூங்கில், ஒடியும். பறைக்கு மூன்று சிண்டு கையிருப்பு. அடிக்குச்சி ஒன்று போதும்.

பிப்ரவரி 3, இரவு

ஊர்வலத்துக்கு முன் சூடு காட்டினால் போதுமா என்று கேள்வி. போதாது. முக்கால் மணி சுற்றி வருவதற்குள் தளர்ந்திருக்கும். களத்துக்கு வந்ததும் இன்னொரு முறை. அந்தத் தீயே கூட்டம் சேர்க்கும். பிள்ளைகள் அதைச் சுற்றித்தான் முதலில் நிற்கும்.

பிப்ரவரி 5

'கூத்து வேறு, வீதி நாடகம் வேறு. கூத்துக்காரர்களிடம் கற்க என்ன இருக்கிறது?' என்று ஒருவர். வேறுதான். கூத்து விடிய விடிய நடக்கும், திரௌபதி அம்மன் கோயில் விழாவோடு ஒட்டியது, வேஷம் கட்டவே ஒன்றரை இரண்டு மணி நேரம். வீதி நாடகம் அரை மணியில் முடியும். ஆனால் இரண்டுக்கும் எதிரி ஒன்று, திறந்தவெளி. அந்த எதிரியோடு இந்த வடஆற்காட்டு மண்ணில் தலைமுறை தலைமுறையாக மோதிப் பழகியவர்கள் கூத்து ஜமாக்காரர்கள், அதாவது கூத்துக் குழுக்காரர்கள்.

கவனித்துப் பாருங்கள். வேஷக்காரர் ஒரு வரி பாடுவார். பின்பாட்டுக்காரர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். பிறகு கட்டியக்காரன் குறுக்கே வந்து, 'இன்னா ராஜாவே, இன்னா சொல்றீங்கோ?' என்று கேட்டு, அதையே நம் பேச்சில் போட்டு உடைப்பான். ஒரு சேதி மூன்று முறை, மூன்று விதமாக வருகிறது. முதல் முறை பிள்ளை அழுதது, இரண்டாம் முறை பஸ் போனது, மூன்றாம் முறை காதில் விழும். இதைக் கூத்தின் இழுவை என்று சொல்பவர்கள் நாற்காலி போட்ட அரங்கில் இருந்து பார்க்கிறவர்கள்.

உங்கள் நாடகத்தில் ஏரியின் பரப்பு, புலஎண், யாரிடம் மனு கொடுப்பது எல்லாம் ஒரே வசனத்தில் ஒருமுறைதான் வருகிறது என்றால் அது யார் காதிலும் விழாது. முக்கியமான சேதி மூன்றுதான் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் பாட்டில் ஒருமுறை, கோரஸில் ஒருமுறை, கோமாளியின் எதிர்க்கேள்வியில் ஒருமுறை.

திரை இன்னொன்று. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடிக்க, பின்னாலிருந்து திரை விருத்தம் பாடி, சலங்கை மட்டும் கீழே தெரிய, மெதுவாக வேஷம் வெளிப்படும். செலவு ஒரு புடவை. கூட்டத்தின் சலசலப்பை அடக்க 'அமைதி, அமைதி' என்று கத்துவதைவிட இது நூறு மடங்கு வேலை செய்யும். ஆக்கிரமிப்பாளரை இந்த மாதிரி திரைக்குப் பின்னாலிருந்து இறக்கிப் பாருங்கள்.

பிப்ரவரி 5, இன்னொன்று

கூத்துக்குப் பேர்போன புரிசையை வேலூர் மாவட்டம் என்று எழுதியவருக்கு: செய்யாறு பக்கம், இப்போது திருவண்ணாமலை மாவட்டம். பழைய வடஆற்காடு என்றால் சரி. 1989-ல் வடஆற்காடு இரண்டானது, 2019-ல் வேலூர் மூன்றானது. கூத்துக்கு இந்த எல்லைகள் தெரியாது, அனுமதி கடிதத்துக்குத் தெரியும். ஆம்பூர் ஆட்டத்துக்கு வேலூரில் மனு கொடுக்காதீர்கள், அது திருப்பத்தூர் மாவட்டம். தெருக்கூத்து என்பதா கட்டைக்கூத்து என்பதா என்ற சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். பெருங்கட்டூர் ராஜகோபாலும் மற்றக் கலைஞர்களும் 1990-ல் சங்கம் தொடங்கியபோது கட்டைக்கூத்து என்றே பெயர் வைத்தார்கள். புஜக்கட்டை, கிரீடம் என்று கட்டிக்கொண்டு ஆடுவதால் அந்தப் பெயர். அந்தக் கட்டைகளுக்குக் கல்யாண முருங்கை மரம்; லேசாக இருந்தால்தான் ராத்திரி முழுக்கத் தோள் தாங்கும்.

பிப்ரவரி 6

ஒரு கூத்துக் கலைஞரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை நல்லது, மாதம் தப்பு. பங்குனி, சித்திரை, வைகாசி திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழாக் காலம். நல்ல ஜமாக்களுக்கு அந்த மாதங்களில் தூங்கவே நேரமில்லை, தாம்பூலம் எப்போதோ மாறியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூத்து ஓய்வு. பயிற்சிக்கு அப்போது அழையுங்கள்.

குடியாத்தத்துக்கு வைகாசி முதல் தேதியை ஒட்டிப் போகாதீர்கள். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே தெருவில் இருக்கும், உங்களைப் பார்க்க அல்ல. தை முதல் பங்குனி வரை எருது விடும் விழா நடக்கிற ஊர்களில் தெருவை அடைத்திருப்பார்கள், தேதியை முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளவும்.

பிப்ரவரி 9

அனுமதி. மைக் இல்லாவிட்டால் ஒலிபெருக்கி அனுமதி தேவையில்லை. ஆனால் தகவல் கடிதம் கட்டாயம் கொடுங்கள்: காவல் நிலையத்துக்கு ஒன்று, ஊராட்சித் தலைவருக்கு ஒன்று, பள்ளி மைதானம் என்றால் தலைமையாசிரியருக்கு ஒன்று. நாடகத்தின் பெயர், பொருள், நேரம், ஆள் எண்ணிக்கை, பொறுப்பாளர் செல் நம்பர், ஒரே பக்கம். நகலில் முத்திரை வாங்கி வண்டியில் வையுங்கள். நாடகப் பிரதியைக் காட்டு என்று யாராவது 1954-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால், நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-லேயே அதைத் தீர்த்துவிட்டது என்று பணிவாகச் சொல்லலாம். பணிவு முக்கியம். தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் சுற்றுப்பயணத்தையே தள்ளிப்போடுங்கள். வாய்க்கால் ஆக்கிரமிப்பு யார் காதிலும் கட்சிப் பேச்சாகத்தான் விழும்.

பிப்ரவரி 9, இரவு

மைக் வைத்தால் என்ன என்று இரண்டு பேர். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. விடிய விடியக் கூத்து எப்படி நடக்கிறது என்று கேட்காதீர்கள். குழாய் ஸ்பீக்கரின் வாய் ஏரிப் பக்கம் திரும்பியிருக்கும்.

விதியை விடுங்கள். வீதி நாடகத்தில் மைக் வைத்தால் நடிகர் மைக்குக்குப் போவார், நாடகம் ஒரே இடத்தில் நின்றுவிடும். கூத்தில் தலைக்கு மேலே தொங்கவிட்ட மைக் ஒத்துவருவதற்குக் காரணம், பாடும்போது அவர்கள் அதன் கீழே வந்து நிற்கப் பழகியிருப்பதுதான். நெடுஞ்சாலை ஓரம் லாரி சத்தம் தாங்கவில்லை என்றால் மைக்கைத் தேடாதீர்கள், சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே போங்கள்.

பிப்ரவரி 12

ஏழேமுக்கால் ஆட்டத்துக்கு விளக்கு வேண்டும். கேள்வியில் வேண்டாம் என்று இருந்தது, சித்திரையில் ஆறேமுக்காலுக்கே முகம் தெரியாது. ஐம்பது வாட் எல்இடி ஃப்ளட் இரண்டு, பத்தடி மூங்கிலில், களத்தின் முன்பக்க இரு மூலையிலிருந்து சாய்வாக. ஒரே விளக்கு என்றால் பாதி முகம் இருட்டு. நூறு வாட் அரை ஆம்பியர்கூட இழுக்காது, எந்த வீட்டு பிளக்கும் தாங்கும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போடாதீர்கள். ஒயர் நூறடி, நடைபாதையில் குறுக்கே போகிற இடத்தில் மண்ணில் புதைத்து மேலே சாக்கு போடவும். வெள்ளை விளக்குக்குப் பூச்சி மொய்க்கும், கோடை மழைக்கு மறுநாள் வாய்க்குள்ளேயே போகும். மஞ்சள் வெளிச்சம் தேவலாம்.

பிப்ரவரி 13

பிரதி பார்த்தேன். பிரதியை எழுதியவர் தஞ்சாவூர்ப் பக்கமா? 'கொல்லைக்குப் போகாதே, கழிப்பறைக்குப் போ' என்று ஒரு வரி. இங்கே கொல்லை என்றால் பயிர் வைக்கிற நிலம். நிலக்கடலை பிடுங்கப் போகிறவரை ஏன் தடுக்கிறாய் என்று குடியாத்தத்தில் கேட்பார்கள். அந்த வரியை எடுங்கள். 'வயல்' வருகிற இடங்களில் நிலம், கொல்லை, கழனி என்று ஊருக்குத் தகுந்தாற்போல். 'கீது', 'வந்துகினு' எல்லாம் கோமாளிக்கு மட்டும் கொடுத்துவிட்டு நல்லவருக்குச் சுத்தத் தமிழ் கொடுத்திருக்கிறீர்கள். அதையும் மாற்றுங்கள். ஊர்க்காரர் தன் பேச்சைச் சிரிப்புக்கு மட்டும் கேட்டால் முகம் சுளிப்பார். பேர்ணாம்பட்டுப் பக்கம் தெலுங்கும் உருதும் பேசுகிற தெருக்கள் உண்டு. அங்கே வசனத்தைக் குறைத்து, ஏரியைத் துணியால் காட்டுகிற காட்சியை நீட்டுங்கள்.

பிப்ரவரி 17

தொண்டை நாலாவது நாளில் கட்டும். எட்டில் இரண்டு பேருக்கு எல்லா வசனமும் தெரிந்திருக்க வேண்டும், தினம் வேடம் மாற்றிக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு முன் பசியாற லேசாக எதாவது, முழுச் சாப்பாடு பிறகு. பத்துப் பேருக்கு நாளுக்கு 20 லிட்டர் கேன் இரண்டு. பத்தா? ஆமாம், எட்டு நடிகர், ஓட்டுநர், பெட்டியையும் விளிம்பில் நெருக்குகிற கூட்டத்தையும் பார்த்துக்கொள்ள ஒருவர். சின்ன யானை லோடு வண்டியில் சாமான்களோடு ஆட்களை ஏற்றாதீர்கள், வேன் எடுங்கள்.

பிப்ரவரி 20

நடந்துகொண்டே போடலாமா என்று கேட்டது நல்ல கேள்வி. திரௌபதி அம்மன் விழாவில் துரியோதனன் சாகிற படுகளத்தன்று நடப்பது அதுதானே. மண்ணால் பெரிய துரியோதனன் உருவத்தைப் படுக்க வைத்து, பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றியும் மேலேறியும் துரத்த, ஊர் முழுக்க வெயிலில் நிற்கும். நாற்காலி கேட்டவர் எவருமில்லை. ஆக்கிரமித்த வாய்க்காலின் மேலேயே நடந்து, மூன்று இடத்தில் நின்று, மூன்று காட்சி போடலாம். பறை ஒன்று முன்னால், ஒன்று வால் பக்கம். இரண்டும் முன்னால் போனால் பின்கூட்டம் கரைந்துவிடும். நிற்கிற இடத்துக்கு இடம் 200 அடிக்கு மேல் வேண்டாம், கிழவிகள் திரும்பிவிடுவார்கள். ஆக்கிரமித்தவரின் வாசலில் மட்டும் நிற்காதீர்கள். அவர் பெயரையும் சொல்லாதீர்கள். ஊருக்கே தெரியும்.

பிப்ரவரி 24

ஐந்து நாளில் ஏழு ஊர் என்று திருத்திய பட்டியல் பார்த்தேன், சரியாக வரும். பீஞ்சமந்தைக்கு ஒரு முழு நாள் விட்டது நல்லது. மலை ஊர்கள் சிதறிக் கிடப்பதால் அழைக்கவே பாதி நாள் போகும். ஆனால் காலி கிடக்கிற செவ்வாய்க்கிழமை பகலுக்குப் பொய்கை மாட்டுச் சந்தை என்று போட்டிருக்கிறீர்கள். கூட்டம் இருக்கும், மறுக்கவில்லை. அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு மாடு. பறையில் முதல் அடி விழுந்ததும் என்ன ஆகும் என்று யோசியுங்கள். செவ்வாய் பகலில் துணி துவைத்துக்கொள்ளுங்கள்.